எம்மெட்டின் காரைத் தின்ற கடல்

எங்கள் ஊரில் பனிக்காலம் வந்தால், யாரும் வழுக்கி விழாமல் இருக்கத் தெருவுக்கெல்லாம் உப்பு போடுவார்கள். அந்த உப்பு எங்கள் ஏரிக்கு அடியிலிருந்தே வருகிறது. ஃபென்னாவின் அம்மாவுக்கு அந்தச் சுரங்கத்தில்தான் வேலை. அதே உப்பு ஒருநாள் தன்னை இப்படி மாட்டிவிடும் என்று ஃபென்னா நினைக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு எம்மெட் ஹாக்கி விளையாடும்போது கையை உடைத்துக்கொண்டான். சனிக்கிழமை, உறைந்த துறைமுகத்தின்மேல் ரிமோட் கார் பந்தயம். ஒரு கையால் எப்படி ஓட்டுவது? தன் உயிருக்கு உயிரான சிவப்புக் காரை ஃபென்னாவிடம் கொடுத்தான்.

"நீதான் ஓட்டணும். பத்திரம்டி! ஒரு கீறல் விழுந்துச்சு, இந்தக் கட்டுப் போட்ட கையாலயே குட்டுவேன்."

செவ்வாய்க்கிழமை ஃபென்னா தெருவில் ஓட்டிப் பழகினாள். உருகிய பனியும் உப்பும் கலந்த பழுப்புச் சேற்றில் கார் சர்ரென்று பறந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. "உனக்கும் குளிருதா?" என்று கேட்டு, மேலாகத் துடைத்து, தன் கையுறைகளோடு ஹீட்டர் பக்கத்தில் வைத்தாள். எவ்வளவு நல்ல மனசு! வினையும் அங்கேதான் வந்தது.

வியாழக்கிழமை எடுத்துப் பார்த்தால் சக்கரங்கள் அசையவில்லை. இடுக்கெல்லாம் மாவு போல வெள்ளை. திருகாணிகளில் துரு. அந்த நேரம் பார்த்து எம்மெட் வந்து நின்றான்.

காரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு தானே எடுத்து நீட்டினாள்.

"உன் காரைக் கெடுத்துட்டேன் எம்மெட்."

அவன் கத்துவான் என்று பார்த்தாள். அவனோ சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தான். கண் கலங்கியது. அதற்குப் பதில் ஒரு குட்டே வாங்கியிருக்கலாம்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபென்னா சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு உப்புக் கட்டி இருந்தது. கண்ணாடி போலத் தெளிவானது. சுரங்கத்துக் கூரையில் இருந்த ஒரு இரும்பு போல்ட் அதில் பதிந்திருந்தது. "எனக்கு முன்னாடியே வேலைக்குச் சேர்ந்த போல்ட் இது. ஓய்வு குடுத்துக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று சொல்லித்தான் அம்மா கொண்டுவந்தார். அன்றைக்கு அது பளபளவென்று இருந்தது. இப்போது சுற்றிலும் துரு!

ஃபென்னா அதைத் தொட்டாள். ஈரமாக இருந்தது.

"எம்மெட், இங்க பாரு! இவ்வளவு வருஷம் உப்புக்குள்ளயே இருந்திருக்கு, ஒண்ணும் ஆகல. மேல வந்து கெட்டில் ஆவி பட்டதும் துருப்பிடிச்சிடுச்சு."

"அதனால?"

"உப்பு மட்டும் இருந்தா இரும்பைத் தின்னாது. ஈரம் வேணும். சூடும் சேர்ந்தா இன்னும் வேகமாத் தின்னும். நான் ஈர உப்போட ஹீட்டர் பக்கத்துல வச்சு விருந்தே போட்டிருக்கேன்!"

எம்மெட் கட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். "ஏய், உள்ள ஏதோ ஓடுது!"

கட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்குள் ஒரு குமிழி. சாய்த்தால் அந்தப் பக்கம் போனது, நிமிர்த்தினால் இந்தப் பக்கம் வந்தது.

"பழைய கடலோட தண்ணி அது" என்றாள் ஃபென்னா. "டைனோசர் வர்றதுக்கு முன்னாடி இங்க கடல் இருந்துச்சாம். அது காஞ்சப்போ இந்தச் சொட்டு மட்டும் உள்ள மாட்டிக்கிச்சுன்னு அம்மா சொன்னாங்க."

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். டைனோசருக்கும் மூத்த ஒரு சொட்டு!

"அப்ப தெருவுல போடுற உப்பு?"

"அதே கடல்தான்."

"டைனோசருக்கு முந்தின கடலா என் காரைத் தின்னுச்சு?" எம்மெட்டின் குரலில் லேசாகப் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

"உப்பு எதுல கரையும்?" என்று கேட்டாள் ஃபென்னா.

"தண்ணில."

"அப்ப குளிப்பாட்டுவோம்."

"காரையா? லூசாடி நீ? செத்துடும்!"

"உப்பை உள்ளயே விட்டாத்தான் சாகும்."

பேட்டரியையும் மின்சாரப் பெட்டியையும் கழற்றி வைத்தாள். காரைத் தண்ணீரில் அமுக்கினாள். எம்மெட் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டைக் கறுப்புத் தட்டில் விட்டு ஹீட்டர்மேல் வைத்தாள். காய்ந்ததும் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது.

"குட்டிக் கடல் காஞ்சிடுச்சு" என்றான் எம்மெட், ஒரு கண்ணைத் திறந்து.

வட்டமே விழாமல் போகும் வரைக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிறகு துடைத்து, காற்றாடி முன் நன்றாக உலர்த்தி, சக்கரத்துக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டார்கள். பின்சக்கரம் ஒன்று மட்டும் அடம் பிடித்தது. எம்மெட் நல்ல கையால் அதை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருந்தான். கிரீச்... கிரீச்... சட்டென்று சுழன்றது.

"ஹேய்!" என்று கத்தியதில் இருவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

சனிக்கிழமை பந்தயத்தில் சிவப்புக் கார் மூன்றாவதாக வந்தது. எல்லாரும் போன பிறகும் ஃபென்னா ஓட்டிக்கொண்டே இருந்தாள். எம்மெட் பனியில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தான். உறைபனி கண்ணாடி போலத் தெளிவாக, அடியில் கன்னங்கரேலென்று இருந்தது.

"இதுக்குக் கீழ என்ன?"

"தண்ணி."

"அதுக்குக் கீழ?"

"பாறை."

"அதுக்கும் கீழ?"

"உப்பு. அந்தப் பழைய கடல். இன்னிக்கு அம்மாவும் அங்கதான் இருக்காங்க."

எம்மெட் மெல்ல எழுந்து, அவள் காதருகே குனிந்தான்.

"கொஞ்சம் மெதுவா ஓட்டுடி. கீழ ஆன்ட்டி வேலை பாக்குறாங்க."