கொட்டுக் கரடியின் கண்ணாடி வீடு

குந்தாரப்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, சொன்ன சொல் மாற மாட்டோம். இன்னொன்று, எங்களிடம் ஒரு தகரக் கரடி இருந்தது.

அதை வாங்கி வந்தவர் என் தாத்தா சென்னப்பன். பெங்களூருக்குப் புளி மூட்டை ஏற்றிப் போனவர், திரும்பும்போது கரடியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். ஜெர்மனியில் செய்த கரடி. சிவப்புச் சட்டை, வயிற்றின் மேல் ஒரு கொட்டு. முதுகில் சாவி கொடுத்தால் தலையை ஆட்டி ஆட்டி டமடமவென்று கொட்டும்.

"சந்தைக்கு வர்ற எந்தப் பிள்ளையும் இதைப் பார்க்கலாம். சந்தை நாள் தவறாம கரடி கொட்டும்" என்று தாத்தா ஊரறியச் சொன்னார். அவர் காலம் முழுவதும் கொட்டியது. அவருக்குப் பின் என் அப்பா கோவிந்தப்பன் சாவி கொடுத்தார்.

என் பெயர் சென்னம்மாள். தாத்தாவின் பெயர்தான். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னைப் 'பாப்பா' என்பாள். பெயர் சொல்லித் திட்டினால் தாத்தாவைத் திட்டியது போலாகும் என்று அப்பா என்னைத் திட்டவே மாட்டார். அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. ஒரு சந்தை நாளில் கூட்டம் நெருக்கியடித்ததில் கரடி மேசையிலிருந்து விழுந்தது. ஒரு காது மடங்கிப் போனது. அப்பாவின் முகம் சிவந்தது.

"இனிமே இது கண்ணாடிப் பெட்டியிலதான் இருக்கும்! மூடினா மூடினதுதான். நானும் திறக்க மாட்டேன், யாரையும் திறக்க விடவும் மாட்டேன்!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மாம்பழப் பெட்டி செய்யும் ஷேக் தாவூத் மாமாதான் அந்தப் பெட்டியைச் செய்தார். அடியும் முதுகும் பலா மரம். மற்ற மூன்று பக்கமும் மேலேயும் கண்ணாடி. கரடி மறுபடி விழாமல் இருக்க, அதன் கால்களைத் தகரப் பட்டையால் பிடித்து, பின்பலகையை ஒட்டி நிறுத்தினார். பிறகு திருகாணிகளை முறுக்கி, அவற்றின் மேல் அரக்கை ஊற்றினார். அப்பா கரடியின் சாவியைத் தன் அரைஞாணில் கோத்துக்கொண்டார். அம்மா மிளகாய் சுற்றித் திருஷ்டி கழித்தாள்.

பெட்டி அவ்வளவு அழகாக இருந்தது! அடுத்த சந்தை நாள் வரும்வரை யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

அன்று கர்நாடகத்திலிருந்து மாடு பிடிக்க வந்த வியாபாரி ஒருவர் தன் மகனை அழைத்து வந்தார். பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"ஏனாயித்து? குணியோதில்லவா?" என்று கன்னடத்தில் கேட்டான். என்ன ஆச்சு, கரடி ஆடாதா என்று கேட்டான்.

அப்பா மீசையைத் தடவினார்.

எதிர்வீட்டு நஞ்சம்மா சொல்லிவிட்டாள். "கெட்டுப்போன கரடியைத்தான் பூட்டி வெச்சிருக்காங்க. ஓடற மாட்டை யாராவது கொட்டாய்லயே கட்டிப் போடுவாங்களா?"

பொழுது சாய்வதற்குள் சந்தை முழுக்க இதே பேச்சு. அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை.

"ஒரே ஒரு தடவை திறந்து காட்டிடுங்களேன்" என்றாள் அம்மா.

"எங்கப்பா சொன்னதும் சொல்லுதான். நான் சொன்னதும் சொல்லுதான். எதை முறிக்கச் சொல்ற?"

அம்மா சாப்பாட்டை மூடி வைத்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என் தோழி அதியாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவள் தாவூத் மாமாவின் மகள்.

இருவரும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

"பின்னாடிப் பலகைதானே? ஒரு ஓட்டை போட்டா சாவி உள்ளே போயிடும்" என்றேன்.

"எங்கே போடுவே? கரடி முதுகு உனக்குத் தெரியுதா? தப்பான இடத்துல போட்டா, ஒரு காதோட போனது முதுகுக்கும் வரும்" என்றாள் அதியா.

அவள் சொன்னது சரிதான். பலகை முதுகை மறைத்திருந்தது. நான் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கரடியின் முதுகில் சாவி மாட்டும் முனை தெரிந்தது.

"அதியா! அது எவ்வளவு உயரத்துல இருக்குதுன்னு இங்கிருந்து தெரியுதுடி!"

அம்மாவின் பூக்கட்டும் நூலை எடுத்து, அந்த உயரத்தில் பெட்டியைச் சுற்றிக் கட்டினேன். அதியா முக்காலி மேல் ஏறி மேல்கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"இங்கிருந்து பார்த்தா இடமா வலமான்னு தெரியுது! இன்னொரு நூலைக் கொடு!"

அவள் அந்த முனைக்கு நேராக நூலைப் பிடித்து, பின்பலகை மேல் தொங்கவிட்டாள். நூல் நுனியில் கனத்துக்காகக் கட்டிய என் வளையல் ஆடி ஆடி நின்றது. இரண்டு நூல்களும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. அங்கே கரித்துண்டால் புள்ளி வைத்தோம்.

இனி அப்பா. நான் கெஞ்சவில்லை. எங்கள் வீட்டில் கெஞ்சும் வழக்கம் கிடையாது. நிமிர்ந்து நின்று கேட்டேன்.

"அப்பா, பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"கரடி கொட்டக் கூடாதுன்னு சொல்லலையே?"

அப்பா என்னையும் கரிப்புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓட்டை போடப் போறியா? உங்க தாத்தா மடியில வெச்சிக் கொண்டாந்த கரடி. ஒரு கீறல் விழுந்தா?"

"விழாதுப்பா. நாங்க இடம் காட்டறோம், தாவூத் மாமா துளை போடட்டும். தாத்தா சொல்லும் நிக்கும், உங்க சொல்லும் நிக்கும்."

அப்பா அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

தாவூத் மாமா வந்து நூல்களைப் பார்த்தார். "அடேயப்பா, என்கிட்ட வேலைக்கு வர்றீங்களா ரெண்டு பேரும்?" என்று சிரித்தார். தமரூசியைப் புள்ளியில் வைத்து மெல்லத் திருகித் துளைத்தார். மரத்தூள் கரடியின் காலடியில் உதிர்ந்தது. நானும் அதியாவும் மூச்சு விடாமல் நின்றோம்.

துளை வழியாகப் பார்த்தேன். நேரெதிரே, சாவி மாட்டும் முனை!

சாவியை அப்போதே போட்டுப் பார்க்கத் துடித்தேன். அப்பா தடுத்துவிட்டார். "சந்தை நாள்ல கொட்டறதுதான் முறை."

சந்தை நாளும் வந்தது. மாட்டு வியாபாரியின் மகன் முதல் ஆளாக வந்து நின்றான். நஞ்சம்மாவும் இடுப்பில் கைவைத்து நின்றாள். அப்பா துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய், என்னிடமிருந்து சாவியை வாங்கித் துளையில் நுழைத்தார்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

கரடி அசையவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று நஞ்சம்மா ஆரம்பித்தாள்.

டம்!

கரடி தலையைச் சாய்த்தது. டம டம டம டமவென்று கொட்டத் தொடங்கியது. பலா மரப் பெட்டியே ஒரு மேளம் போல அதிர்ந்தது. மேசை மேல் வெறுமனே கொட்டியபோதுகூட இவ்வளவு சத்தம் வந்ததில்லை! சந்தையில் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

"குணியுத்தே! குணியுத்தே!" என்று வியாபாரியின் மகன் தானும் சேர்ந்து குதித்தான்.

"என்ன நஞ்சம்மா, காது வலிக்குதா?" என்றார் அப்பா.

"வலிச்சா வலிக்கட்டும். இன்னொரு தடவை சாவி கொடுங்க!" என்றாள் நஞ்சம்மா. எல்லாரும் சிரித்ததில் கண்ணாடி அதிர்ந்தது.

அடுத்த முறை சாவி கொடுத்தது நானும் அதியாவும்.

அந்தப் பெட்டி இன்றுவரை திறக்கப்படவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சந்தை நாளிலும் கரடி கொட்டாமல் இருந்ததில்லை. அதன் காலடியில் உதிர்ந்த மரத்தூள் மட்டும் அப்படியே கிடக்கிறது. துடைத்துவிட அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் என்ன செய்வது? சொன்ன சொல் சொன்னதுதானே!