பொறுப்பு: அமலி பர்னாந்து

நிரல்நோக்கி மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவும் வேலை எண்பது சதவீதத்தில் நின்று மூன்று நாளாகியிருந்தது. அதற்காகத்தான் அமலியைத் தூத்துக்குடியிலிருந்து கோயம்புத்தூருக்கு வரவழைத்திருந்தார்கள்.

உடலைத் தொடும் எந்தக் கருவியும் நிரல்நோக்கியின் முத்திரை இல்லாமல் விற்பனைக்குப் போக முடியாத காலம் அது. நிரல்நோக்கி ஒரு செருகுநிரல். நிரல் எழுதுபவரின் திரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கும். ஆபத்து தெரிந்த இடத்தில் சிவப்புக் கோடு போடும். வரியைத் திருத்தலாம். மனமில்லையென்றால், அதன் கீழே 'விலக்கு' என்று எழுதி, பொறுப்பேற்பவரின் பெயரைப் போடலாம். கோடு மறைந்துவிடும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்பத்தொட்டில் செய்யும் அந்தக் கோயம்புத்தூர் நிறுவனத்தில் மூன்று வருடம் முன்பு வேலை பார்த்தபோது, 218ஆம் வரிக்கு விலக்கு எழுத அமலி மறுத்தாள். தொட்டிலின் வெப்ப உணரி பழுதானால், அது கடைசியாகச் சொன்ன அளவையே அந்த வரி திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும். குழந்தையின் உடம்பு கொதித்தாலும் திரை முப்பத்தாறரை என்றே காட்டும். திருத்திச் சோதிக்க இரண்டு வாரம் ஆகும் என்றாள். வேலை போயிற்று. இப்போது ஒரு பிரவுசிங் சென்டரில் பிறருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள்.

நிறுவனத்தின் வாசலில், இன்னும் அங்கேயே வேலை பார்க்கும் பழைய தோழி ஹசீனா நின்றிருந்தாள்.

"எதுக்குடி கூப்பிட்டாங்க?"

"இப்ப நீதான் எங்க எல்லாருக்கும் ஓனர்," என்றாள் ஹசீனா. சிரிக்கவில்லை. "உள்ள போ, தெரியும்."

மேலாளர் குலசேகர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "வாங்க அம்மிணி. டீ சொல்லட்டுங்களா?"

அங்கே வேலை பார்த்த நான்கு வருடத்தில் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அமலி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

'புதிய பதிப்பை நிறுவ உரிமதாரரின் கைரேகை தேவை. உரிமதாரர்: அமலி பர்னாந்து. அளித்துள்ள விலக்குகள்: 4,112.'

"நான் ஒண்ணுகூட எழுதலையே சார்."

குலசேகர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நீங்க போனப்புறம் உங்க பேரைப் பொறுப்பாளர் பட்டியல்ல இருந்து யாரும் எடுக்கலைங்க. சொந்தப் பேரைப் போட எல்லாருக்கும் பயம். போனவங்க பேருதானேன்னு…"

பழைய பதிப்பு, பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தது. புதியது வேறு மாதிரி. அதிகப் பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ, அவருக்கே உரிமம் என்று முடிவு செய்துவிட்டது.

அமலி 218ஐத் திறந்தாள். வரி அப்படியே இருந்தது. கீழே அவள் பெயர். நேரம், அவள் அடையாள அட்டையை ஒப்படைத்த வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபது. அட்டையைக் கொடுத்தது நாலு மணிக்கு.

"ஒரு விரல் வெக்கறதுதானுங்க," என்றார் குலசேகர். "நாளைக்கே உங்க பழைய சீட்டுல உக்காருங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பழைய உரிமம் முடியுது. அப்புறம் ஒரு தொட்டில்கூட வெளிய போகாது."

ஜன்னலோரத்து அந்த இருக்கை அவளுக்கு வேண்டும். பேருந்தில் வழி நெடுக அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் உரிம விதிகளைப் படிக்க ஆரம்பித்தாள்.

"அதையெல்லாம் யாருங்க படிக்கறாங்க?"

"நான் படிப்பேன் சார்."

முப்பத்தொன்றாம் விதியில் நின்றாள். ஏற்றாலும் மறுத்தாலும், அவள் கைரேகை வைத்ததும் நிறுவல் முடியும். ஏற்றால், அத்தனை விலக்கும் அவளே அளித்ததாக ஆகும். மறுத்தால், அவள் பெயரில் உள்ளவை எல்லாம் ரத்து. விற்ற தொட்டில்களுக்கும் எச்சரிக்கை போகும். ஒவ்வொரு வரியையும் திருத்த வேண்டும், அல்லது யாராவது தன் கைரேகையை வைத்துப் பொறுப்பேற்க வேண்டும்.

"அந்தத் தொட்டில்ல கெடக்குற பிள்ளைங்களுக்கெல்லாம் நான் பொறுப்புன்னு எழுதி வச்சிருக்கீங்க," என்றாள். குரல் எப்போதும்போல் தாழ்ந்துதான் இருந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். இப்பவும் அதான்."

"அம்மிணி, அவசரப்படாதீங்க…"

'மறுக்கிறேன்' என்ற கட்டத்தைத் தொட்டு, ரேகைமானியில் விரலை வைத்தாள்.

எண்பத்தொன்று, தொண்ணூறு, நூறு. நிறுவல் முடிந்தது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வரிசை வரிசையாகத் திரைகள் சிவந்தன. நாற்காலிகள் அசையும் சத்தம் கேட்டது.

குலசேகரின் திரையில் முதல் கேள்வி வந்தது. 'வரி 218. பொறுப்பேற்பவர்?'

அவர் மளமளவென்று தன் பெயரை அடித்தார். விரல் ரேகைமானிக்கு மேலே போய், அந்தரத்தில் நின்றது. பிறகு அந்த விரலாலேயே பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"இந்த 218க்கு என்னங்க எழுதோணும்?" என்று கேட்டார், அவளைப் பார்க்காமல்.

அமலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மூணு வருஷம் முன்னாடியே எழுதி உங்களுக்கு மெயில் அனுப்பிட்டேன் சார். திறந்து பாருங்க, அங்கதான் இருக்கும்."