ஏழண்ணாவின் மூன்றாவது நிமிடம்

செவ்வாயின் செந்தரைக் குடியிருப்பில், கார்ச் சக்கரம் மாட்டத் தெரியாத பெண்ணைக் கூடாரத்தை விட்டு வெளியே விடமாட்டார்கள். நடுவழியில் தரைக்கார் படுத்துவிட்டால் அங்கே கைதட்டிக் கூப்பிட ஆள் ஏது? அதற்காகவே சனிக்கிழமை காலையில் சாரணியர் பட்டறை. சக்கரத்தின் எட்டு போல்ட்டையும் தன் கையால் முடுக்கியவளுக்கு ஊர்திப் பதக்கம். போட்டிருக்கும் சான்றுறை என்கிற கையுறை ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணிவிடும். அதனிடம் பொய் எடுபடாது.

பன்னிரண்டு வயது அல்லிக்கு அந்தப் பதக்கம் தலைபோகிற விஷயம். அவள் அம்மா ஏழு மாதமாகப் பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கிறாள். நாளை அங்கே போகும் காரில் ஓர் இடம் காலி. இதை விட்டால், புழுதிப் பருவமெல்லாம் ஓய்ந்து, அரை வருடம் கழித்துத்தான் அடுத்த கார். அம்மாவைத் திரையில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். வேலை தெரியாமல் இல்லை. பயிற்றுநர் ரோபோ எண் ஏழு, பிள்ளைகளுக்கு ஏழண்ணா, தங்கமான குணம். ஆனால் சரியாக மூன்றாவது நிமிடம் ஆனதும், "கொடும்மா, உனக்குக் கஷ்டமா இருக்கும்" என்று ஸ்பேனரை வாங்கிக்கொள்வார். மிச்ச ஆறு போல்ட்டையும் தானே முடுக்கிவிட்டு, அவள் கையில் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்து, சக்கரத்தோடு சேர்த்துப் படம் எடுப்பார். படத்தில் அல்லி ஜம்மென்று இருப்பாள். சான்றுறை மட்டும் 'இரண்டு' என்று காட்டும்.

இன்றைக்கு ஆரம்பிக்கும் முன்பே அல்லி கேட்டுவிட்டாள்.

"ஏண்ணா ஒவ்வொரு தடவையும் பிடுங்கிக்கிறீங்க?"

ஏழண்ணா கொஞ்சமும் கூச்சப்படாமல் விளக்கினார். கற்பிப்பதை அவர் கற்றதே பூமியின் பழைய பட்டறைப் படங்களைப் பார்த்துத்தான், லட்சக்கணக்கில். பெண்பிள்ளைகள் ஸ்பேனர் பிடித்த படங்களில் எல்லாம் மூன்றாவது நிமிடத்தில் யாராவது வந்து அதை வாங்கிக்கொண்டார்கள்.

"அதனால பாடத்துல இது ஒரு முக்கியமான கட்டம்னு குறிச்சு வெச்சிருக்கேன். தப்பாம்மா?"

பையன்களின் பாடத்திலும் இது உண்டா என்றாள். இல்லை, அதில் விரலை நசுக்கிக்கொள்ளும் கட்டம்தான் வரும், அதற்கப்புறம் கற்றுக்கொள்ளும் கட்டம் என்றார். மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, பூமியிலிருந்து அனுமதி வர ஒன்றரை வருடம் ஆகும் என்றார். அல்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவர் மணிக்கட்டு கண்ணில் பட்டது. அதே அளவு போல்ட், கைக்கு நாலு.

"கையை நீட்டுங்கண்ணா."

மாணவி சொன்னால் தட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. நீட்டினார். மூன்றாவது நிமிடம் வருவதற்குள் இரண்டு கைகளும் மேசைமேல் கிடந்தன. பிறகு அவள் சக்கரத்துக்குப் போனாள். நேரம் வந்ததும் கையில்லாத முழங்கை ஒன்று வந்து அவள் தோளில் மெல்ல முட்டியது. "கொடும்மா" என்றார் ஏழண்ணா. அவள் கொடுக்கவில்லை.

சான்றுறை பதினாறு என்றது: கைகளில் கழற்றியது எட்டு, சக்கரத்தில் முடுக்கியது எட்டு. சாரணத் தலைவி தில்லைநாயகி எண்ணைப் பார்த்தாள், மேசைமேல் கிடந்த கைகளைப் பார்த்தாள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு பதக்கத்தைக் குத்திவிட்டாள். அந்தக் கைகளையும் அல்லிதான் திரும்ப மாட்டிவிட்டாள்.

மறுநாள் பனிச்சுரங்கத்தின் கார்க்கூடத்தில் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அம்மா அந்தப் பதக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்து, என் பொண்ணு என் பொண்ணு என்று அங்கிருந்த எல்லாருக்கும் காட்டினாள். கார் வந்து நின்றதும் போல்ட்டுகளைச் சரிபார்ப்பது பதக்கக்காரியின் கடமை. அல்லி ஸ்பேனரோடு குனிந்தாள்.

"வந்ததும் வராததுமா உனக்கு எதுக்குடா இதெல்லாம்? கை வலிக்கும். கொடு, அம்மா பண்றேன்."

ஸ்பேனர் கைமாறிவிட்டது. அல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழண்ணாவாவது மூன்றாவது நிமிடம்வரை பொறுப்பார்.