மேற்கே புகை இல்லை

அவன் இன்றும் அந்த இரும்புக் கம்பத்தைத் தொட்டான்!

மருந்துக்கடைக்குள் நுழைவதற்கு முன், வாசலில் நிற்கும் தெருவிளக்குக் கம்பத்தில் உள்ளங்கையை ஒரு நொடி அழுத்தி... பிறகுதான் கதவைத் தள்ளினான். உள்ளே வேலையில் நின்ற அனுப்பிரியா கவுண்டருக்குப் பின்னால் ஓரடி நகர்ந்துகொண்டாள்.

அவளுக்குத் தெரியாதா அந்தத் தொடுகை? சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள், வாசலில் பதித்திருக்கும் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். உடம்பில் தங்கிய மின்சாரம் இறங்கினால்தான் பொறி பறக்காது. பழகிப்போன கை எந்த வாசலைக் கண்டாலும் இரும்பைத் தேடும்.

அப்படியானால் இவன் நம்மூர். நம்மூர் என்றால்... அப்பாவின் ஆள்!

ஆனைக்குட்டம் சாலையில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் ராஜபாண்டியன், மகள் லண்டனில் இன்னும் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார். படிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. சொன்னால் மறுநாளே விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர் மகனுக்கு நிச்சயம் செய்துவிடுவார். அதனால்தான் லண்டனை விட்டு, தமிழ் முகமே தட்டுப்படாத இந்தச் சின்ன இங்கிலீஷ் ஊரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வந்தாள்.

வந்த நாள் முதல் எல்லாவற்றிலும் சந்தேகம். ஒரே ஒரு கடைத்தெரு. அதுவும் ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடும். எதிரே வருகிறவர்களெல்லாம் 'நல்லாயிருக்கியா?' என்கிறார்கள், இவள் வாய் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதில் வேண்டாதவர்கள் ஏன் கேட்கிறார்கள்? இவள் போய் இடித்தாலும் அவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள்... டிக்கெட் வாங்கிக்கொண்டுதானே ஏறினார்கள்? மழைகூட நேராகப் பெய்வதில்லை. ஒட்டுக்கேட்க வந்தவனைப் போலச் சத்தமில்லாமல் வந்து நனைத்துவிட்டுப் போகிறது. வீட்டுக்கார அம்மாவின் ஜன்னல் திரையோ இவள் தலை தெரியும்போதெல்லாம் அசைகிறது.

இப்போது இவன் வேறு. கறுத்த முகம், சிரிப்பை ஒளித்து வைத்த கண்கள்... சே! வேவு பார்க்க வந்தவனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்கள்?

"நீங்க தமிழா?"

"சாரி... ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்."

அவன் பார்வை அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரில் ஒரு கணம் நின்றது. இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனான். மறுநாளும் இருமல் மருந்து. அதற்கு மறுநாளும். ஒரு தடவைகூட அவன் இருமவில்லை!

நவம்பர் ஐந்தாம் தேதி. பிற்பகல்.

டமார்!

கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அனுப்பிரியா கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். எதிர்க் காபிக் கடையிலிருந்து அவனும் ஓடி வந்தான்.

"எங்கன?" என்று கத்தினான்.

"மேக்க மாதிரி கேட்டுச்சு!"

"புகை தெரியுதா?"

"இல்லியே... ஒண்ணும் தெரியலியே!"

சுற்றிலும் வேறு ஒருவரும் ஓடவில்லை. நாயோடு நடந்து வந்த ஒரு பெண்மணி நின்று, சாயங்காலம் பூங்காவில் வாணவேடிக்கை, வருஷா வருஷம் இந்தத் தேதியில் உண்டு, யாரோ அவசரப்பட்டுக் கொளுத்திவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். 'நல்லாயிருக்கீங்களா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனாள்.

இங்கே வெடிச்சத்தம் கொண்டாட்டம். அங்கே வேலை நேரத்தில் சத்தம் கேட்டால், எந்தக் கம்பெனி, யார் வீட்டு ஆள் என்று கேட்டுக்கொண்டே புகையைப் பார்த்து ஓடுவார்கள். ஓடிப் பழகிய கால்கள் நான்கும் இந்தத் தெருவின் நடுவில் நின்றன.

அவன் மூச்சு வாங்கியபடி திரும்பினான்.

"தமிழ் தெரியாதுன்னீக?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த நொடி சீறினாள். "எங்கப்பாதான உங்கள வேவு பாக்க அனுப்புனது? மறைக்காதீக!"

"உங்கப்பாவா? அவுக யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் இங்கன ஆஸ்பத்திரில நர்சு. பேரு செழியன். ஊரு விஸ்வநத்தம்."

"அப்ப அம்புட்டு இருமல் மருந்தும் எதுக்கு?"

"அலமாரி நெறஞ்சு கெடக்கு. வேணும்னா திருப்பி எடுத்துக்கிறீகளா?"

சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அப்பா பெயரையும் சொல்லிவிட்டாள். அவன் முகத்தில் விளக்கு அணைந்தது.

"ராஜபாண்டியன் மொதலாளியா...? எங்கம்மா இருளம்மா உங்க கம்பெனிலதாங்க சரம் பின்னுது."

தலையை ஆட்டிவிட்டு நடந்தான். அதன்பின் கம்பத்தைத் தொட ஆள் வரவில்லை. வராமல் போனது நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? கதவு திறக்கும்போதெல்லாம் அவள் ஏன் நிமிர்கிறாள்?

அடுத்த வாரம் அப்பாவின் போன்.

"லண்டன்ல இல்லையாமே நீ? மருந்துக்கடையில நிக்கிறியாமே? டிக்கெட் போட்டாச்சு, கெளம்பி வா."

"யாருப்பா சொன்னது?"

"சரம் பின்னுற இருளம்மா. அவ மகன் யாரு உனக்கு?"

"யாருமில்ல."

சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது! தூறலில் குடைகூட எடுக்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றாள். வேலை முடிந்து வெளியே வந்தவனை மறித்தாள்.

"இல்லைன்னு சொன்னீக... நம்புனேன். கடைசில உங்கம்மாவ வச்சே போட்டுக் குடுத்துட்டீகள்ல?"

செழியன் அதிர்ந்து நின்றான். "அம்மா மொதலாளிட்டயா போச்சு? ஐயோ... நான் அதுட்டச் சொன்னது வேறங்க."

"என்ன சொன்னீக?"

"மருந்துக்கடையில ஒரு பிள்ள இருக்கு, தமிழே தெரியாதாம், அதப் பாக்கத்தான் இருமாமலே மருந்து வாங்குறேன்னு முன்னமே சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. போன வாரம்... அது மொதலாளி மகளாம், நான் மறந்துட்டேன்மான்னு சொன்னேன். பயந்திருக்கும். வேற யாரும் சொல்றதுக்கு முந்தி தானே போயி, எம்மகன் தெரியாமப் பண்ணிட்டான்னு மன்னிப்புக் கேட்டிருக்கும்."

அவள் இமைகளில் மழை கோத்து நின்றது. இத்தனை நாள் ஒளிந்து வாழ்ந்ததைக் காட்டிக்கொடுத்தது வேவு இல்லை... ஓர் ஆசை!

"மறந்துட்டீகளா?"

"அம்மாட்ட நான் சொன்ன ஒரே பொய் அதுதாங்க."

அனுப்பிரியா போனை எடுத்தாள்.

"வேணாங்க! அம்மா வேலை போயிரும்..."

"சும்மா இருங்க." மறுமுனையில் அப்பா வந்தார். "அப்பா... படிப்பு முடிஞ்சதச் சொல்லாம மறைச்சது என் தப்பு. ஆனா நான் வரல. இங்கன வேலை பாக்குறேன், பிடிச்சிருக்கு. இருளம்மாவ வேலைய விட்டு நிறுத்துனீகன்னு கேள்விப்பட்டேன்னா, பொங்கலுக்குக்கூட என்னை எதிர்பாக்காதீக."

"அம்புட்டு தூரம் ஆயிருச்சா? அந்தப் பய யாருன்னு கேட்டேன்ல?"

"யாருமில்லைன்னேன்... அது பொய்ப்பா. எனக்கு இவுகளப் பிடிச்சிருக்கு. பக்கத்துலதான் நிக்கிறாக. இன்னும் அவுகளுக்கே நான் சொல்லல."

ராஜபாண்டியன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. நனைந்து குளிர்ந்திருந்த அவள் விரல்களைச் செழியனின் கை தயங்கித் தயங்கி... வந்து பற்றிக்கொண்டது.