கருப்பட்டி போட்ட வேஷம்

“வலிக்கின்னு அது வாயத் தொறந்து சொல்லுது, நீங்க என்னடான்னா…”

“சொல்லட்டும்ட்டி, அது சொல்லச் சொல்லத்தான் ஜனங்க…”

“வெலைய எறக்கி எழுதிட்டு வந்து என்கிட்டயே காப்பி கேக்கீங்க!”

“நான் எங்கட்டி எறக்குனேன்? அவனுவ பணத்தக் கட்டுதானுவ, பலகை எறங்குது. என்னை என்ன செய்யச் சொல்லுத?”

“கால் வலிக்கின்னு சொல்லுத குதிரை மேல எவனாவது பணம் கட்டுவானா?”

“வலிக்கின்னு சொன்னதுனாலதான் கட்டுதான்!”

அப்போது கொட்டடிப் பக்கமிருந்து மூன்றாவதாக ஒரு குரல், செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னது: “இடது முன்னங்கால். முட்டி. காலையிலிருந்து அதிகம்.”

புருஷனும் பெண்டாட்டியும் வாயை மூடிக்கொண்டார்கள். பேசியது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி நிறத்தில், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டோடு பிறந்த பெண்குதிரை.

செவ்வாய்க் கிரகத்தில், புதுக்குலசையில், குதிரை பேசுவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் அந்த ஊரார். வரும்போதே தசராவையும், கருப்பட்டிக் காப்பியையும், பந்தயப் பித்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குதிரைகளை மட்டும் உறைகருவாகக் குப்பியில் கொண்டுவந்தார்கள். பிரம்மாண்டமான கண்ணாடி வான்மூடிக்குக் கீழே அவை பிறந்து வளர்ந்தன. அந்த மண்ணில் எதற்குமே எடை குறைவு. அதனால் குட்டிகளின் கால்கள் மூங்கில் குருத்து மாதிரி கிடுகிடுவென்று வளர்ந்துவிடும். முட்டிக்கு அந்த அவசரம் கிடையாது, மெதுவாகத்தான் இறுகும். காப்பி கேட்டவரின் பெண்டாட்டி, குதிரை பழக்கும் சண்முகக்கனிக்கு இது தெரியும். கண்ணை மூடிக் குளம்புச் சத்தத்தைக் கேட்டே எந்தக் குட்டி எந்தக் காலை மிச்சம் பிடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். கருப்பட்டியை இந்தத் தசராக் கோப்பையில் ஓடவிட்டால் வளைவில் முட்டி போய்விடும். போனால் போனதுதான், மறுபடி எழுந்து நிற்காது. அடுத்த தசரா வரை சும்மா மேயவிட்டால் எல்லாரையும் பின்னால் விட்டுவிடும்.

இதைச் சொல்லி விலக்கிவிடலாமே என்றால், முடியாது. முன்பெல்லாம் கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால் போதும். சான்றுக்குச் சந்தையில் விலை ஏற்பட்டதும் ஓட்டச் சங்கம் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, குதிரையையே கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தது. ஒவ்வொரு பந்தயக் குட்டிக்கும் காதுக்குப் பின்னால் சொல்வில்லை என்று ஒன்றைத் தைத்தார்கள். குதிரை மனதில் எழுவதை அது சொல்லாக்கும், கழுத்துப்பட்டையில் உள்ள ஒலிப்பெட்டி பேசும். மொழித்துறையார் தயாரித்த வில்லை என்பதால் எல்லாக் குதிரையும் சுத்தத் தமிழில்தான் பேசும்.

குதிரை உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் சூதாட்டம் செத்துப்போகும் என்று சங்கத்தார் நினைத்தார்கள், பாவம். சூதாட்டம் மூன்று மடங்கானது. குதிரை சொன்னதற்கு உரை எழுதுகிறவர்கள் முளைத்தார்கள். பொழிப்புரை, விளக்கவுரை, அதற்கு ஒரு மறுப்புரை. இந்த வாரம் கருப்பட்டி தினமும் சொன்னது ஒன்றுதான்: “முட்டி வலிக்கிறது. வளைவில் அதிகம் வலிக்கிறது. கடைசியாக வருவேன்.” இதற்கு ஊரின் பெரிய உரைகாரர் கூத்தபெருமாள் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார்.

“யோசிச்சுப் பாருங்க. இத்தனை பேரு முன்னால ஒருத்தன் தன் கொறையத் தானே சொல்லுவானா? சொல்லுதுன்னா, உள்ள சரக்கு இருக்கு. வளைவுல வலிக்குங்கு. அப்ப நேர்ப்பாதையில வலிக்கல. கடைசியா வருவேங்கு. அடக்கம்யா, அடக்கம்! வேற எந்தக் குதிரைக்கு இருக்கு இந்த அடக்கம்?”

வார ஆரம்பத்தில், ஜெயித்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு கிடைக்கும் என்றிருந்த கருப்பட்டியின் விலை இப்போது ஒன்றுக்கு நான்கு. நிறையப் பேர் ஜெயிக்கும் என்று நம்பிக் கட்டினால்தான் அந்த எண் இறங்கும். சங்கத்துப் பலகையில் அதை எழுதுவது கனியின் புருஷன் ஆறுமுகநயினாரின் உத்தியோகம்.

“அத விலக்க ரெண்டே வழிதாம்ட்டி இருக்கு,” என்றார் நயினார், காப்பி கிடைத்த பிறகு. “ஓடமாட்டேன்னு குதிரையே சொல்லணும். இல்லன்னா, கேள்வி நாளு முடியுதப்போ அது மேல பணங்கட்டுன சீட்டு ஒண்ணுகூட நிக்கப்படாது. ரெண்டாவது நடக்கவே நடக்காது. மொதல்லதப் பாரு.”

கேள்வி நாள் என்பது மறுநாள். ஊரே கூடிக் குதிரைகளைக் கடைசியாகக் கேட்கும். அதன்பின் கட்டிய பணத்தை எடுக்க முடியாது.

கனி கொட்டடிக்குப் போனாள். முட்டியில் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“நாளைக்குக் கேட்டா ‘ஓடமாட்டேன்’னு சொல்லிரு, என்ன?”

“ஓடுவேன்,” என்றது கருப்பட்டி.

“வலிக்கில்லா?”

“வலிக்கிறது. ஓடுவேன். ஓடுவது நன்றாக இருக்கும்.”

“சரி தாயி. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லு.”

“பேச்சுக்கு என்றால்?”

“மனசுல ஒண்ணு இருக்கும், வாயில வேறொண்ணு சொல்லுவோம்லா. அது.”

கருப்பட்டி காதை முன்னும் பின்னும் ஆட்டியது. “வாயில் இருப்பது அப்போது எங்கிருந்து வந்தது?”

வாசலில் நின்ற நயினார் சிரித்தார். “குதிரைக்குப் பொய் வராதுட்டி. நீ தலைகீழா நின்னாலும் வராது.”

“நீங்க போய் உங்க பலகையத் தொடைங்க.”

சாயங்கால நடைக்காகக் கருப்பட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். தசரா களைகட்டியிருந்தது. மேளமும் தாரையும் வான்மூடியில் முட்டித் திரும்பி வந்தன. தெரு முழுக்க வேஷக்காரர்கள். காளி, கரடி, குரங்கு, ராஜா, பத்தடிக்கு ஒரு எமன்.

“அவர் காவலரா?” என்று கேட்டது கருப்பட்டி, எல்லாரும் சலாம் வைத்த ஒரு காக்கிச் சட்டையைப் பார்த்து.

“அது நம்ம தண்ணிக்குழாய் மாசாணம்லா. போலீசு வேஷம்.”

“மற்றவர்களுக்கு அது தெரியாதா?”

“தெரியாம? எல்லாத்துக்கும் தெரியும்.”

“தெரிந்துமா சலாம் வைக்கிறார்கள்?”

“அதான் வேஷம். வீட்டுல யாருக்காவது சொகமில்லன்னா, ‘வேஷம் போடுதேன் முத்தாரம்மா’ன்னு நேந்துக்கிடுவாங்க. போட்டா சொகமாயிரும்.”

கருப்பட்டி சற்றுத் தூரம் நொண்டி நடந்தது. கோயில் வாசலில் ஒரு சிறுமி தரையில் உருண்டு அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கருப்பட்டி கேட்டது.

“பிச்சைக்காரி வேஷம் வேண்டாமாம். ராணி வேஷம்தான் வேணுமாம்.”

“எனக்கும் சுகமில்லை,” என்றது கருப்பட்டி. “எனக்கும் ஒரு வேஷம்.”

கனி சட்டென்று நின்றுவிட்டாள். முத்தாரம்மனே குதிரை வாயில் வந்து பேசியது போலிருந்தது அவளுக்கு. கடிவாளத்தை இழுத்து, காதோடு காதாகச் சொன்னாள்: “போடுவோம் தாயி. நீ வாயால போடணும். நாளைக்கு எல்லாரும் கேக்கும்போது. ஓடாத குதிரை வேஷம். நெசத்துல நீ யாருன்னு உனக்குத் தெரியும். வாய்க்கு மட்டும் வேஷம். வெளங்குதா?”

“விளங்குகிறது,” என்றது கருப்பட்டி. வழக்கத்தைவிட நிமிர்ந்து நடந்தது.

கேள்வி நாளன்று மைதானத்தில் எள் போட இடமில்லை. பாதிப் பேர் வேஷம் கலைக்காமல் வந்திருந்தார்கள். மற்றக் குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து, வயிறு சரியில்லை என்றும், பக்கத்துக் குதிரையைப் பார்த்தால் பயம் என்றும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயின. கூட்டம் ஒவ்வொன்றுக்கும் “ஓகோ” என்று உள்ளர்த்தம் கண்டது. கருப்பட்டி வந்ததும் எமன் வேஷத்திலிருந்த கூத்தபெருமாள் கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

“எம்மா கருப்பட்டி, கால் எப்படி இருக்கு?”

கனி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சொல்லு தாயி, ஓடமாட்டேன்னு சொல்லு.

கருப்பட்டி கழுத்தை வளைத்து நின்றது. ராணி மாதிரி.

“வலி இல்லை. எந்தக் காலிலும் இல்லை. நான்தான் முதலில் வருவேன். என்னைவிடச் சிறந்த குதிரை இங்கே கிடையாது. என் மேல் பணம் கட்டுங்கள். என்னை நம்புங்கள்.”

கனியின் வாயிலிருந்து முந்தானை நழுவியது. பாவி, வேஷத்தை மாற்றிவிட்டாளே! இனி விலை தரைதட்டும், ஊரே கட்டும், நாளை மறுநாள் வளைவில் இந்தப் பிள்ளை… அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

ஆனால் மைதானத்தில் ஒரு ஆரவாரமும் இல்லை. கூத்தபெருமாள் மெல்ல உட்கார்ந்தார். ஒட்டுமீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

“நம்புங்கன்னா சொல்லுச்சு?”

“ஆமா அண்ணாச்சி, நானும் கேட்டேன்.”

“போச்சு. எல்லாம் போச்சு. நம்புங்கன்னு சொன்னவன நாம எந்தக் காலத்துலவே நம்பியிருக்கோம்?”

“அதுவும் கட்டுங்கன்னு வேற சொல்லுது!”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானய்யா இருந்துது. எவனோ நல்லா உருவேத்தி அனுப்பியிருக்கான்.”

அவ்வளவுதான். பணம் கட்டும் சாளரத்தை நோக்கி எமனும் கரடியும் ராஜாவும் அடித்துப்பிடித்து ஓடினார்கள். எட்டுக் கை காளி ஒருத்தர் சீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டிய வேகத்தில், மரக்கை ஆறும் முன்னால் நின்றவர் முதுகில் குத்தின. பலகையில் கருப்பட்டியின் எண் ஏறியது. எட்டு, இருபது, நாற்பது, அறுபது.

கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலகையடிக்கு ஓடினாள். “எல்லாம் எடுத்தாச்சா?”

“ஒரு சீட்டு நிக்கி,” என்றார் நயினார், பலகையைப் பார்த்தபடியே.

“யாரோடது? மணி அடிக்கப் போறான், சொல்லுங்க!”

“சீட்டுக்காரங்க பேர வெளிய சொல்லப்படாது. சட்டம்.”

“உங்க காது ஏன் செவந்து கெடக்கு?”

நயினார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஊரே கூறு கெட்டுப்போயி ஓடுது கனி. நான் சொல்லுதேன் கேளு. இத்தனை நாளா வலிக்கின்னுச்சு. வலிச்சுது. இன்னைக்கு வலி இல்லங்குது. குதிரைக்குப் பொய் வராது. அப்ப என்ன அர்த்தம்? கால் சரியாயிட்டு! இது இந்த மைதானத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் புரிஞ்சுருக்கு. ஒண்ணுக்கு அறுபதுட்டி!”

“பலகைக்காரங்க கட்டப்படாதுல்லா?”

“பலகைக்காரன்தான் கட்டப்படாது. பலகைக்காரன் பொண்டாட்டி கட்டப்படாதுன்னு எங்கயும் எழுதல.”

சீட்டு தன் பேரில்தான் என்று கனிக்கு விளங்கிவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாளரத்துக்கு ஓடினாள். தன் பேரில் உள்ள சீட்டைத் தானே கிழிக்க யார் தடை சொல்ல முடியும்? பின்னாலேயே நயினார், “ஏட்டி, அறுபது, அறுபது” என்று கத்திக்கொண்டு வந்தார். அவர் வந்து சேர்வதற்கும் சீட்டு இரண்டாகக் கிழிவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

பலகையில் கருப்பட்டி பேருக்கு நேரே ‘விலக்கு’ என்று அவர் கையாலேயே எழுதவேண்டியதாயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. கருப்பட்டி, முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு, இருவருக்கும் நடுவே மெதுவாக நடந்தது.

“அது பொய்யிங்க. நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

“குதிரைக்குப் பொய் வராது.”

“வந்துட்டு! நான் சொன்ன பொய்ய விட்டுட்டு, தனக்குப் பிடிச்ச பொய்யா பாத்துச் சொல்லிட்டு!”

“அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நம்பியிருப்பீங்களோ?”

“நீ சொன்னா எதுக்குட்டி நம்பணும்? குதிரை சொன்னா…”

“அந்தக் குதிரைதான…”

“வலிக்கிறது என்று சொன்னேன்,” என்றது நடுவிலிருந்து கருப்பட்டி. இருவரும் நின்றார்கள். “ஒருவரும் நம்பவில்லை. முதலில் வருவேன் என்று சொன்னேன். ஒருவர் நம்பினார். அவருக்குத்தான் இப்போது கோபம்.”

அது தலையைத் திருப்பி முதலில் கனியையும், பிறகு நயினாரையும், அப்புறம் தெருவில் ஒருவர் காதை ஒருவர் கடித்தபடி போய்க்கொண்டிருந்த எமன்களையும் காளிகளையும் பார்த்தது.

“அப்படியானால், நீங்கள் எல்லோரும் எதற்காகப் பேசிக்கொள்கிறீர்கள்?”