பதினேழாம் துளை

விரலை எடுத்த பிறகும் பதினேழாம் துளையின் கோடு திரையில் இறங்கவில்லையாம்.

"கையை எடுன்னா எடுக்கணும்," பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிபெருக்கியில் கணவன் சிடுசிடுத்தான்.

அவள் எப்போதோ எடுத்துவிட்டாள். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். விமான மாதிரிகள் மேல் காற்றை ஓட்டிச் சோதிக்கும், இரும்பும் எண்ணெயும் நாறும் அந்தக் காற்றுச் சுரங்கத்துக்குள், தன் மூச்சே சுவரில் பட்டுத் திரும்பிவரும் குளிரில், மாதிரி விமான இறக்கையின் முன் தனியாகக் குனிந்து நின்றாள். இறக்கை முழுக்க ஊசிமுனைத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய குழாய் அழுத்தமானிக்குப் போகிறது. காற்றை ஓட்டுமுன் ஒருவர் துளைகளை விரலால் அமுக்கிக்கொண்டே வர, இன்னொருவர் வெளியே திரையைப் பார்த்து எந்தக் குழாயும் ஒழுகவில்லை என்று உறுதி செய்வார்.

"உன்னோட இனிமே குப்பை கொட்ட முடியாது" என்று அவன் காலையில் கத்தியதிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'ம்' மட்டும்தான்.

"பதினெட்டையும் பத்தொம்பதையும் ஏன் சேர்த்து அமுக்கற? அடிப்பக்கம் போகச் சொன்னது யாரு?"

வேண்டுமென்றே பயமுறுத்துகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நறுக்கென்று கேட்க வாயெடுத்தபோது இறக்கையின் அடியில் ஏதோ தடவியது. ஈரத் தோல் உலோகத்தில் இழுபடும் சத்தம். துளை துளையாக அவள் பக்கம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

பின்பக்கமாகவே நகர்ந்தாள். கதவு. வெளியே. தாழ்ப்பாள்.

கட்டுப்பாட்டு அறைக்குள் ஓடி அவன் தோளைப் பிடித்தாள். "ஏங்க... உள்ள என்னமோ..."

அங்கிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஏங்க, இருபதுல விரல் வெச்சிருக்கேன். காலையில எம்மேலதான் தப்பு. கோச்சுக்காதீங்க."

அவளுடைய குரல். அவள் ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

அவன் முகம் இளகியது. பிறகு அவளைப் பார்த்தான், வெளிறிப்போனான்.

"கண்ணு, பயப்படாத," என்றான் மைக்கில். "இங்க உன்னை மாதிரியே ஒருத்தி வந்து நிக்கறா. இரு, நான் வர்றேன்."

"நான்தாங்க! என்னைப் பாருங்க!"

அருவருப்போடு அவள் கையை உதறித் தள்ளினான். அவள் தரையில் விழுந்தாள். எழுவதற்குள் அவன் சுரங்கக் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டான்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. இடுக்கில் விரல்கள் வந்தன. ஒவ்வொரு நுனியிலும் ஊசிமுனைத் துளை. துளைகளில் காற்று சீட்டியடித்தது.

அவன் அந்தக் கையை ஆசையாகத் தன் இரு கைகளிலும் பொத்திக்கொண்டான். சீட்டி நின்றது.