ஆறாவது இலக்கம்

பட்டியலில் ஐந்தாவதாக இருந்த எண் வரவில்லை. நான்காவதற்குப் பிறகு ஆறாவது வந்து திரையில் நின்றது.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். ரகசியக் குறியீட்டுக்கான நிரல்தொகுப்பு ஒன்றைச் சரிபார்ப்பது அவள் வேலை. அதில் தற்செயல் எண்களைத் தரும் பொறி ஒன்றுதான். கேட்பவர்கள் எத்தனை பேரானாலும் அதைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் பிடித்திருந்தால் மற்றவர் வரிசையில் நிற்க வேண்டும். சோதனைக்காக, இன்று அது தரப்போகும் எண்களை முன்பே தெரியும்படி அமைத்து, தாளில் அச்சடித்து வைத்திருந்தாள். ஐந்தாவதை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள்.

"நாலு, பூஜ்யம், எட்டு, ரெண்டு, ஒண்ணு, ஏழு" என்று உரக்கப் படித்து, தாளில் அதை வட்டமிட்டாள். வாய்விட்டுச் சொல்லாமல் அவளுக்கு எண் மனதில் நிற்காது.

மூன்று மணிக்கே மழை அறையை இருட்டாக்கியிருந்தது. நனைந்த துணியை மூடிவைத்த வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் சோபாவில் மகள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கினாள். போர்வை சோபாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீண்டிருந்தது. என்னமாய் வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தபடி அவள் திரும்பிக்கொண்டாள்.

நடைவழியில் எங்கோ ஒழுகியது. சொட்டு. சொட்டு. ஐந்து சொட்டுகளுக்குப் பிறகு நின்றது.

எட்டாவது எண்ணும் காணவில்லை. அதையும் உரக்கப் படித்து வட்டமிட்டுவிட்டு, அலுவலகத் தோழனைப் போனில் அழைத்தாள். இருபத்தெட்டு வயதிலேயே நரைத்துவிட்டதால் அவன் எல்லோருக்கும் 'தாத்தா'.

"தாத்தா, விளையாடாத. நீதான எடுக்கிற?"

"ஐயோ அக்கா, சாப்பிட்டுட்டுக் கண்ணு சொக்கிப்போய் உக்காந்திருக்கேன். என்னைப் பாத்தாத் திருடன் மாதிரியா இருக்கு?"

"பின்ன யாரு? என் நிரல விட்டா, நடைவழி சாமான் ரூம் கதவுல சோதனைக்கு மாட்டி, கம்பியால இதோட இணைச்ச பூட்டுதான். உள்ள நின்னு பொத்தான அழுத்தினாத்தான் அது புது எண் வாங்கும்; வெளிய அந்த ஆறு இலக்கத்தையும் அழுத்தினாத்தான் கதவு திறக்கும். உள்ள யாரும் இல்ல."

அவன் சிரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பேசிக்கொண்டே இணையத்தைத் துண்டித்தாள். இனி வெளியிலிருந்து ஒருவனும் கை வைக்க முடியாது. மறுபடி ஐந்து சொட்டுகள். பத்தாவது எண் போயிருந்தது.

அப்படியானால் இவனில்லை.

"ஒண்ணு பண்ணுங்க" என்றான். "பொறிய நீங்களே பிடிச்சு வெச்சுக்கோங்க, விடாதீங்க. கேக்கறவன் வரிசைல நின்னுதான ஆகணும்? பேரு தெரிஞ்சுடும்."

பிடித்து வைத்தாள்.

"கடைசியா எது போச்சு?"

"ஒன்பது, மூணு, மூணு, ஆறு, பூஜ்யம், ரெண்டு."

முதுகுக்குப் பின்னால் சோபா லேசாக முனகியது. குழந்தை புரண்டு படுக்கிறாள்.

மழை விட்டிருந்தது. கூரையில் சத்தமே இல்லை. ஆனாலும் நடைவழியில் ஒரு சொட்டு.

சொட்டு இல்லை. சாமான் அறைப் பூட்டின் எண்பலகை. யாரோ ஒரு விரலால் அழுத்துகிற ஒலி.

திரையில் வரிசை தெரிந்தது. 'உள் பொத்தான்: காத்திருக்கிறது.' அதற்குக் கீழே இன்னொன்று. இன்னொன்று. உள்ளே யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது ஒலி.

பூட்டின் பதிவேட்டைத் திறந்தாள். 'உள்ளிருந்து பூட்டப்பட்டது.' பிறகு, 'வெளியே ஐந்து இலக்கங்கள் சரி. உள்ளே புது எண்.' மறுபடியும் அதே. 'வெளியே ஐந்து இலக்கங்கள் சரி. உள்ளே புது எண்.'

அவள் படித்த எண்கள். அவள் உரக்கப் படித்த எண்கள்.

மூன்று.

திரும்பிப் பார்த்தாள். சோபா காலியாக இருந்தது.

நான்கு.

"அம்மா" என்றது சாமான் அறைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல், ரகசியம் பேசுவதுபோல. "அம்மா, பொத்தான் வேலை செய்யல."

"அக்கா? யாரு பேசறது?" என்றது போன்.

பொறியை விடுவிக்க வேண்டும். ஒரே ஒரு விசை. விரல் நழுவியது. வேறெதிலோ பட்டது.

ஐந்து.

சரியான விசை. அழுத்தினாள், ஒரு கணம் தாமதமாக.

ஆறு.

உள் பொத்தானின் வரிசை பத்தொன்பது அழுத்தல்களோடு நின்றது. இருபதாவது வரவில்லை. கதவு திறந்ததற்கான மெல்லிய மணியோசை கேட்டது. அவள் நிமிர்ந்தபோது, நடைவழியின் மூலையில் போர்வையின் கடைசி முழம் தரையோடு தரையாக, அவசரமே இல்லாமல், உள்ளே போய்க்கொண்டிருந்தது.